கைப்பிடி சொல்லும் சேதி
ஊறுகாய் பாட்டில் மூடி முன்போலத் திறக்க வரவில்லையா? ஈரத் துண்டைப் பிழிந்தாலும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறதா? வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். கைப்பிடி பலம் உடம்பு முழுவதைப் பற்றியும் சேதி சொல்கிறது. இந்தியா உட்பட 17 நாடுகளில் ஆய்வாளர்கள் ஒன்றேகால் லட்சத்துக்கும் அதிகமானவர்களின் கைப்பிடியைக் கருவியால் அளந்து, சுமார் 4 ஆண்டுகள் கவனித்தார்கள். 2015-இல் முடிவு வெளிவந்தது. பிடி தளர்ந்தவர்களுக்கு மரண அபாயம் கூடுதல். அதை முன்கூட்டிக் காட்டுவதில் ரத்த அழுத்தத்தைவிடக் கைப்பிடியே முந்தியது.

கைக்கும் ஆயுளுக்கும் என்ன சம்பந்தம்? நியாயமான கேள்விதான். இறுக்கிப் பிடிக்கத் தசை மட்டும் போதாது. நரம்பு சரியாக இருக்க வேண்டும், சாப்பாடு போதுமானதாக இருக்க வேண்டும், அன்றாட நடமாட்டம் வேண்டும். எது குறைந்தாலும் பிடி தளரும். மூட்டுவாதத்திலும் தளரும்தான், அதனால் ஒருநாள் மூடி திறக்கவில்லை என்று பயப்பட வேண்டாம். மாதக்கணக்கில் குறைந்துகொண்டே வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்படியானால் ரப்பர் பந்தை அமுக்கினால் போதுமா? போதாது. தெர்மாமீட்டரைத் தண்ணீரில் முக்கினால் காய்ச்சல் இறங்குமா? கைப்பிடி காட்டுவது முழு உடம்பை. அதனால் தினமும் நடங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழுங்கள். தட்டில் பருப்போ முட்டையோ கொஞ்சம் கூடட்டும்.