திருச்சிக்கு வந்த கடல்



திருவெள்ளறைப் புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலைத் தாங்கி நிற்கும் பாறை, தென்னிந்தியாவின் பழம்பாறைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இங்கிருந்து கிழக்கே ஊட்டத்தூர்ப் பக்கம் போனால் அந்தப் பழம்பாறை கீழே இறங்கி மறைந்துவிடுகிறது. அதன்மேல் கடல் சேர்த்த மண் ஏறிக்கொள்கிறது.

காரை கிராமத்துக்குப் போய் வராதவர்கள் நிலவியலாளர் கூடிய இந்த அவையில் குறைவு. மழை அரித்த களிமண் மேடுகள், வெயிலில் மின்னும் ஜிப்சக் கீற்றுகள், காலடியில் தோட்டாக்களைப் போல் சிதறிக் கிடக்கும் பெலம்னைட் புதைபடிவங்கள். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே அலையடித்தது. பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940இல் அடையாளம் கண்டவர் தஞ்சை மண்ணில் பிறந்த எம்.எஸ். கிருஷ்ணன். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு இயக்குநரான முதல் இந்தியரும் அவர்தான்.

சரி, இவ்வளவு உள்ளே கடல் ஏன் வந்தது? நூறாண்டுக் காலம் இதற்குச் சரியான விடை கிடைக்கவில்லை.

ஹென்றி பிளான்ஃபோர்ட் 1862இல் திருச்சி, தென்னார்க்காடு மாவட்டங்களின் பாறைகளை விரிவாக எழுதினார். அவருக்குப் பின் ஸ்டோலிச்கா இங்குள்ள சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் ஒவ்வொன்றாக விவரித்தார். ஆப்பிரிக்காவின் நேட்டால் கரையிலும் இதே சாயலில் புதைபடிவங்கள். இடையிலோ ஒரு பெருங்கடல். இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்த ஒரு நிலம் மூழ்கிப்போயிருக்க வேண்டும் என்று 1875இல் பிளான்ஃபோர்ட் வாதிட்டார். அதற்கு முன்பே, 1864இல், ஃபிலிப் ஸ்க்லேட்டர் அப்படியொரு நிலத்துக்கு லெமூரியா என்று பெயர் வைத்திருந்தார். அவர் கவலைப்பட்டது மடகாஸ்கரின் லெமூர் என்ற விலங்குக்காக. பாண்டியரின் தமிழ்ச் சங்கம் அவர் கணக்கிலேயே இல்லை. இதைத் தமிழ் மேடைகளில் சொன்னால் இன்றும் சிலருக்கு மனம் நோகும். சொல்லித்தான் ஆக வேண்டும்.

நிலத்தை மூழ்கடிப்பது காகிதத்தில் எளிது. ஆனால் கண்டப் பாறை எடை குறைந்தது, கடலடிப் பாறை கனமானது; இலேசானது கனமானதற்குள் எப்படி அமிழும்? ஆல்ஃபிரட் வேகனர் 1912 ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் இந்த இடத்தைத்தான் பிடித்தார். மூழ்கவில்லை, விலகின என்றார். எந்த விசை விலக்கியது என்ற கேள்விக்கு அவர் தந்த விடை மட்டும் நிற்கவில்லை. அந்த விசைகள் போதவே போதா என்று ஹரால்டு ஜெஃப்ரீஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரி, அதை வைத்துக் கண்டங்கள் நகரவே முடியாது என்று முடித்ததுதான் தவறு.

வழக்கைத் திருப்பிய சாட்சிகளில் இரண்டு நம் பக்கத்தவை. எரிமலைக் குழம்பு ஆறும்போது அதிலுள்ள இரும்புத் தாதுத் துகள்கள் அன்றைய காந்தப்புலத்தின் திசையைப் பதித்துக்கொள்கின்றன. பூமத்திய ரேகைக்கு அருகில் அந்தத் திசை கிடையாக இருக்கும். துருவத்தை நெருங்க நெருங்கச் செங்குத்தாகும். ஆகவே பாறையிலுள்ள சாய்வை அளந்தால் அது பிறந்த அட்சரேகை தெரியும். தக்காணத்துக் கரும்பாறைகளை அளந்து கிளெக்கும் அவர் குழுவினரும் 1956இல் வெளியிட்ட முடிவு, அவை ஆறிய காலத்தில் இந்தியா தென் அரைக்கோளத்தில் இருந்தது என்பதைக் காட்டியது.

அடுத்தது அரபிக்கடல் பக்கத்துக் கார்ல்ஸ்பெர்க் முகடு. ஓவன் என்ற கப்பலிலிருந்து 1962இல் டிரம்மண்ட் மேத்யூஸ் அங்கே கடலடியின் காந்தத்தை அளந்து வந்தார். அவருடைய மாணவர் ஃபிரெட் வைன் அந்தப் பதிவுகளில் நேரும் தலைகீழுமான காந்தப் பட்டைகள் மாறி மாறி வருவதைக் கண்டார். முகட்டில் புதிய தரை பிறந்து, அன்றன்றைய காந்தத் திசையைப் பதித்துக்கொண்டு, இருபுறமும் விலகிச் செல்கிறது என்று இருவரும் 1963 செப்டம்பரில் எழுதினார்கள். உடனே யாரும் கைதட்டவில்லை. பசிபிக்கின் தென்கோடியில் எல்டானின் என்ற கப்பல் கொண்டுவந்த, இருபக்கமும் ஒத்துப்போகும் பதிவு 1966இல் வெளியான பிறகே எதிர்ப்பு அடங்கியது.

ஊட்டத்தூர்க் கடலுக்கும் அப்போதுதான் காரணம் கிடைத்தது. அண்டார்க்டிகாவிலிருந்து இந்தியா பிரியத் தொடங்கியபோது கிழக்கு விளிம்பில் நிலம் இழுபட்டுப் பள்ளமானது. அதுவே காவிரிப் படுகை. அந்தப் பள்ளத்தில்தான் கடல் புகுந்தது. பிளான்ஃபோர்ட் சேகரித்த சிப்பிகள் கண்டம் பிளந்ததன் விளைவாக வந்தவை. அவற்றைக் கொண்டே அவர் மூழ்கிய நிலத்தை நிறுவப் பார்த்தார்!

தீராத கேள்விகள் உண்டு. பாலக்காடு – காவிரி வெட்டு மண்டலம், ஒருகாலத்தில் இந்தியாவோடு ஒட்டியிருந்த மடகாஸ்கரில் எந்தக் கோட்டோடு பொருந்தும் என்பதில் இங்கே அமர்ந்திருப்பவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அதை முதல் அமர்வு பேசட்டும். டால்மியாபுரம், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் வெட்டுமுகங்களை, அந்தக் கல் சிமெண்ட் ஆலைக்குப் போகுமுன் அளந்து, படமெடுத்து, மாதிரி எடுத்து வைப்பது யார் பொறுப்பு என்பதை இரண்டாம் அமர்வு முடிவு செய்ய வேண்டும்; ஆலை நிர்வாகங்களையும் அந்தப் பேச்சில் உட்கார வைப்பது நல்லது.