வைத்திய ஆராய்ச்சியும் ஒதுங்கி நிற்கும் மக்களும்

நோயுற்ற ஒருவர் வைத்தியரை நாடிச் செல்கிறார். வைத்தியர் ஒரு மாத்திரையை எழுதிக் கொடுக்கிறார். அம்மாத்திரை நற்பலன் தரும் என்பது எவ்வாறு தெரியவந்தது? முன்னர் எங்கோ சிலர் அதனை உட்கொண்டு, தம் உடலிற் கண்ட மாற்றங்களைச் சோதித்தறிய இடங்கொடுத்தமையாலேயே தெரியவந்தது. அச்சிலர் யாவர்? பெரும்பாலும் பெரிய வைத்தியசாலைகளுக்கு அண்மையில், நகரங்களிலே வாழ்பவர்கள். நாட்டுப்புறத்தாரும் சிறுபான்மை இனத்தவரும் அக்கணக்கில் அருகியே இடம்பெறுகின்றனர். இக்குறையை நீக்கும் வழி யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

அம்மக்களின் அறியாமையே இதற்குக் காரணம் என்று கூறிவிடுதல் எளிது. வரலாறோ வேறு விடை பகர்கின்றது.

1932ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கிகி என்னும் ஊரைச் சூழ்ந்த பகுதியில், அந்நாட்டுப் பொதுச் சுகாதாரச் சேவையினர் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். ஏறத்தாழ 600 கறுப்பின ஆடவர் அதிற் சேர்க்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலார் ஏழை உழவர். 399 பேருக்குச் சிபிலிஸ் என்னும் மேகநோய் இருந்தது. நோயின் பெயர் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. இரத்தம் கெட்டிருக்கிறது என்று மட்டுமே கூறப்பட்டது. இலவச உணவும் ஈமச் செலவும் கொடுப்பதாக வாக்களிக்கப்பட்டது. 1940களில் பெனிசிலின் அந்நோய்க்குரிய மருந்தென நிலைபெற்ற பின்னரும் அஃது அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. மருந்தின்றி விட்டால் நோய் எவ்வாறு முற்றும் என்பதைக் காண்பதே ஆராய்ச்சியின் நோக்கமாயிருந்தது! 1972இல் பத்திரிகைகள் உண்மையை வெளிப்படுத்திய பின்னரே அது நிறுத்தப்பட்டது. 1997இல் ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கோரினார். தொடக்கத்திலிருந்து எண்ணினால் அம்மன்னிப்பு வருவதற்கு 65 ஆண்டுகள் சென்றன.

இத்தகைய வரலாற்றையுடைய மக்கள் ஆராய்ச்சியாளரைக் கண்டு தயங்குவாராயின், அத்தயக்கத்தைக் கற்பித்தது அனுபவமே.

ஆனால் அவர்கள் விலகி நிற்பதனால் நட்டம் எல்லார்க்குமே உண்டு. டெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரப் பகுதியில் இருதய நோய் பற்றி நடந்த ஓர் ஆய்வில், பங்குகொள்வோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் கறுப்பினத்தவராயிருக்க ஏற்பாடு செய்யப்பட்டது. அவர்களுள் நூற்றுக்கு இருவரளவில் ஒரு மரபணு மாற்றம் காணப்பட்டது. அம்மாற்றம் உடையோரின் இரத்தத்தில் தீய கொலஸ்திரோல் மிகக் குறைந்திருந்தது. பின்னர் 2006இல் வெளியான ஆய்வு, இத்தகையோருக்கு மாரடைப்பு முதலிய இருதய நோய்கள் வருவதும் அரிது எனக் காட்டிற்று. வெள்ளையரிடம் அம்மாற்றம் மிக அபூர்வம். இவ்வறிவு புதுவகை மருந்துகளின் ஆக்கத்துக்குப் பெருந்துணையாயிற்று. 2015இல் அவை அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இன்று எல்லா இனத்தவரும் அவற்றால் நன்மை அடைகின்றனர்.

இழந்த நம்பிக்கையை மீட்பது எவ்வாறு? மக்கள் இருக்குமிடத்துக்கு ஆராய்ச்சி செல்லவேண்டும். லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியிலே 52 முடிதிருத்தும் சலூன்களில், உயர் குருதி அமுக்கமுடைய 319 கறுப்பின ஆடவரிடையே ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. ஒரு சாராருக்கு மருந்தாளர் சலூனுக்கே வந்து மருந்து கொடுத்தார். மறுசாராரை வைத்தியரிடம் செல்லுமாறு முடிதிருத்துநர் ஊக்கினர். ஆறு மாதங்களில் முதற் சாராரின் மேல் அமுக்கம் சராசரி 27 அளவு குறைந்தது. மற்றையோருக்கு 9 அளவே குறைந்தது. 2018இல் இம்முடிவு வெளியாயிற்று. பல்லாண்டு பழகிய முடிதிருத்துநரின் சொல்லுக்கு அங்கே மதிப்பிருந்தது.

இலங்கையிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய நாடுகளின் 30 கிராமியச் சமூகங்களில் 2,645 பேரிடையே நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2020இல் வெளியாயிற்று. சுகாதார ஊழியர் வீடு தேடிச் சென்று குருதி அமுக்கத்தை அளந்து அறிவுரை கூறினர். இலங்கையில் அப்பணியை ஆற்றியோர் கிராமத்தவர் நன்கறிந்த மருத்துவ மாதர். ஈராண்டு முடிவில், வழமையான பராமரிப்புப் பெற்றோரிலும் இவர்களுக்கு அமுக்கம் ஏறத்தாழ 5 அளவு கூடுதலாகக் குறைந்தது.

எனினும் வீடு தேடிச் செல்வது மட்டும் போதாது. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளி ஒருவரிடம், அவர் வாசிக்கவியலாத மொழியில் எழுதிய தாளை நீட்டிக் கையொப்பம் பெறுதல் சம்மதமாகாது. அவருடைய மொழியிலே, அவருக்கு விளங்கும் சொற்களிலே உரைத்தல் வேண்டும். நாட்கூலியை இழந்து வருபவருக்கு அவ்விழப்பை ஈடுசெய்தல் வேண்டும். ஆராய்ச்சி முடிந்ததும் கண்ட முடிவை அவ்வூராருக்கே திரும்பிவந்து சொல்லுதல் வேண்டும்.

மக்களுக்கும் ஒரு கடமை உண்டு. இந்த ஆராய்ச்சி எதற்காக? இதனால் வரக்கூடிய தீங்கு யாது? இடையில் விலகலாமா? விலகினால் வழமையான சிகிச்சை தொடருமா? இவ்வினாக்களை அச்சமின்றிக் கேட்டுத் தெளிந்து, மனம் இசைந்தால் முன்வருதல் வேண்டும். கேட்பது அவர்தம் உரிமை. பொறுமையோடு விடையளிப்பது ஆராய்ச்சியாளர் கடன். அவ்விரண்டும் நிகழும் ஊரிலே, ஆராய்ச்சிக்கு ஆள் தேடி அலையவேண்டிய நிலை வாராது.