சுவருக்கு என்ன நிறம்? முடிவு நம்ம கையில்

(பொங்கலுக்கு முன் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடன், வசூல், தீர்மானம் என்று எப்போதும் பேசுகிறோம். இன்றைக்கு நம்ம வீட்டுச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். மார்கழி வந்தாச்சு. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கணும், பெயிண்ட் அடிக்கணும் என்று ஒவ்வொரு குழுவிலும் கடன் மனு வந்துகொண்டிருக்கிறது. "இதெல்லாம் ஒரு பேச்சா?" என்று நினைக்காதீங்க. இதில் பணமும் இருக்கிறது, பிள்ளைகளின் உடம்பும் இருக்கிறது.

எங்கள் குழுவில் ஒரு அக்காவுக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அவசரமாக வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். அடைமழை விட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை, சுவரில் ஈரம் அப்படியே இருந்தது. "எனாமல் அடிங்க, கண்ணாடி மாதிரி மின்னும்" என்று யாரோ சொல்ல, கையில் இருந்த குழுக் கடன் போதாமல் வெளியிலும் வட்டிக்கு வாங்கி அடித்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த மழைக்குள் சுவர் முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, ஏடு ஏடாக உரிந்து விழுந்தது. காலையில் உரிந்த பெயிண்டைக் கூட்டித் தள்ளிவிட்டு, அந்தக் கையோடு தவணை கட்ட வருவார்கள் அந்த அக்கா. "சுவத்துல பெயிண்ட் இல்ல, ஆனா கடன் இருக்கு" என்று அவர்கள் சொன்னது எங்களுக்கு இன்னும் மறக்கவில்லை.

தப்பு எங்கே என்று நாங்கள் உட்கார்ந்து பேசினோம். நிறத்தில் தப்பு இல்லை. ஈரச் சுவரில் மூடிப் பூசியதுதான் தப்பு. எனாமல் என்பது எண்ணெய் பெயிண்ட். சுவருக்கு மேல் ஒரு தோல் மாதிரி மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் அந்தத் தோலைத் தள்ளும். கதவு, ஜன்னல், கம்பிக்குத்தான் அது பொருத்தம். புதுசாகச் சிமெண்ட் பூசிய சுவராக இருந்தால், நன்றாகத் தண்ணீர் ஊற்றி நனைத்து, பிறகு மாதக்கணக்கில் காய விட்டுத்தான் பெயிண்டில் கை வைக்கணும். சுவரில் உப்பு பூத்திருந்தால், மழைத் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்து அதை முதலில் அடைக்கணும்.

சுண்ணாம்பைக் குறைவாக நினைக்காதீங்க

நம்ம பாட்டி காலத்துச் சுண்ணாம்புதான் ஈரச் சுவருக்கு ஏற்றது. அது சுவரை மூச்சு விட விடும். காற்றில் இருக்கிற கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு கல் மாதிரி இறுகும். ஈரமாக இருக்கும்போது மங்கலாகத் தெரியும், காயக் காய வெளுக்கும். அதனால் முதல் பூச்சைப் பார்த்து "வெளுக்கலையே" என்று ஒரேயடியாகத் தடிமனாகப் பூச வேண்டாம். சுவரை லேசாக நனைத்துவிட்டு, மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு அடித்தால் உதிராது. துணியில் வடிகட்டி, கொஞ்சம் கஞ்சித் தண்ணீர் சேர்த்தால் கையில் ஒட்டாது. துணிக்குப் போடுகிற நீலம் ஒரு சிட்டிகை கலந்தால் வெள்ளை எடுப்பாக இருக்கும். மஞ்சள் காவி, செங்காவி கலந்தால் இளம் நிறங்கள் கிடைக்கும். காவி மண்ணிலிருந்து வருவது, சுண்ணாம்பின் காரத்துக்கு வெளுக்காது. கண்ட சாயப்பொடியும் வெளுத்துப் போகும்.

ஆனால் சுண்ணாம்பு நீற்றும்போது கவனம் வேணும். தண்ணீரில்தான் சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடணும். அது கொதித்துத் தெறிக்கும், பிளாஸ்டிக் வாளி உருகிவிடும், அலுமினியப் பாத்திரத்தை அரித்துவிடும். இரும்பு டிரம், மண் தொட்டி நல்லது. பிள்ளைகளைப் பக்கத்தில் விடக்கூடாது. கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காமல், நல்ல தண்ணீரைக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

எந்த அறைக்கு எந்த நிறம்?

நம்மில் பல பேருக்குத் தொகுப்பு வீடு, சின்ன அறை, ஒரே ஜன்னல். அதற்கு வெளிர் மஞ்சள், சந்தன நிறம், வெளிர் பச்சை மாதிரி இளம் நிறங்கள்தான் ஏற்றவை. வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், அறை பெரிசாகத் தெரியும், பகலில் பல்பு போட வேண்டாம். மேல் தளத்துக்கு உள்பக்கம் வெள்ளை போதும். பிள்ளைகள் சாய்கிற, கை வைக்கிற இடத்தில் தரையிலிருந்து மூன்றடிக்கு மட்டும் காவியோ கரும்பச்சையோ ஒரு பட்டை அடித்தால் அழுக்கு தெரியாது. அடுத்த வருஷம் அந்தப் பட்டையை மட்டும் புதுப்பித்தால் போதும், செலவு பாதியாகும்.

வெளிச்சுவரில், முக்கியமாகச் சாயங்கால வெயில் அடிக்கிற மேற்குச் சுவரில், அடர்ந்த நிறம் வேண்டாம். அது சூட்டை வாங்கி இரவில் உள்ளே விடும். மொட்டை மாடிக்கு வெள்ளையடித்தால் வீடு குளிரும். தெலங்கானா அரசு 2023இல் இதற்காகவே குளிர்கூரைக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது.

அடுப்படிச் சுவரில் புகைக்கரி இருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துவிட்டு அடிக்கணும். கரி மேல் அடித்தால் எந்தப் பெயிண்டும் நிற்காது. கடையில் அட்டையைப் பார்த்து நிறம் முடிவு பண்ணாதீங்க. சின்ன டப்பா வாங்கி, சுவரில் இரண்டடிச் சதுரம் அடித்துப் பார்த்து, காலையில், மத்தியானம், ராத்திரி விளக்கில் என்று மூன்று வேளையும் பாருங்கள். பெரிய டின்கள் வாங்கும்போது எல்லாம் ஒரே பேட்ச் எண்ணாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு சுவர் ஒரு மாதிரி, இன்னொரு சுவர் வேறு மாதிரி ஆகிவிடும்.

கணக்கு போட்டு வாங்குவோம்

பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் நாலு சுவரும் சேர்த்து 400 சதுர அடி. கதவு மூன்றுக்கு ஏழு, 21. இரண்டு ஜன்னல், மூன்றுக்கு நாலு, 24. இதைக் கழித்தால் 355. இரண்டு பூச்சுக்கு 710 சதுர அடி. ஒரு பூச்சுக்கு ஒரு லிட்டர் எத்தனை சதுர அடி வரும் என்று டின்னில் போட்டிருக்கும். 100 என்று போட்டிருந்தால் 7 லிட்டர் சொச்சம். இதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் யாரும் நமக்குப் பத்து லிட்டரைக் கட்டிவிட முடியாது.

கடனுக்கும் ஒரு கணக்கு. 5,000 ரூபாயை வெளியில் நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டிக்கு வாங்கி, பத்தாவது மாதம் முதலைக் கொடுத்தால் வட்டி மட்டும் 2,500. அதே 5,000ஐக் குழுவில் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டிக்கு வாங்கி, மாதம் 500 முதலைக் குறைத்துக் கட்டினால் மொத்த வட்டி 275 தான். எங்கே வாங்குவது என்று நீங்களே சொல்லுங்கள். குழுக் கடனாக இருந்தாலும், திருப்பிக் கட்ட முடிகிற அளவுக்குத்தான் வாங்கணும். இந்த வருஷம் ஒரு அறை, அடுத்த வருஷம் இன்னொரு அறை என்று செய்தால் ஒண்ணும் கெட்டுப்போகாது.

பிள்ளைகளுக்கு ஆபத்து

பழைய எனாமல் பெயிண்டுகளில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் சேர்ப்பது வழக்கம். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இத்தனை வரை பரவாயில்லை என்ற அளவே அதற்குக் கிடையாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016இல் மத்திய அரசு விதி போட்டு, 2017 நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதனால் டின்னில் ஈய அளவு போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பேர் தெரியாத மலிவு டப்பா வேண்டாம்.

அதற்கு முன்னால் அடித்த பழைய கதவு ஜன்னலைக் காய்ந்தபடியே சுரண்டினால் தூசி பறக்கும். தண்ணீரில் நனைத்து நனைத்து உப்புத்தாளால் தேய்க்கணும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அன்றைக்கு அடுத்த வீட்டில் இருக்கட்டும். உதிர்ந்ததை ஈரத்துணியால் துடைத்து எடுக்கணும். இன்னொன்று ரொம்ப முக்கியம்: பெயிண்ட் அடித்த பழைய கதவு, கட்டை எதையும் போகிக்குக் கொளுத்தாதீங்க. அந்தப் புகை நம்ம பிள்ளைகளின் நெஞ்சுக்குத்தான் போகும்.

காசில்லாத அலங்காரம்

வீட்டை அழகாக்கக் காசு மட்டும் போதாது, கண்ணும் வேணும். பழைய பருத்திச் சேலையைக் கிழித்து ஜன்னல் திரை தைக்கலாம், அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம். நாலு சுவரிலும் நாலு காலண்டர் மாட்டாமல் ஒரே ஆணியில் ஒன்று மாட்டலாம். மாடத்தைத் துடைத்து ஒரு பித்தளைச் செம்பு வைக்கலாம். வாசலில் துளசி, செம்பருத்தி நடலாம். மண் சுவர் வீடானாலும், செம்மண் மெழுகி ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு இழுத்தால் அதற்கு ஈடு எது? மகள் வாங்கிய சான்றிதழைச் சட்டம் போட்டு நடுவீட்டில் மாட்டுங்கள். வருகிறவர்கள் முதலில் அதைப் பார்க்கட்டும்.

கடைசியாக ஒன்று. வீட்டு நிறத்தை யார் முடிவு செய்கிறார்கள்? பெயிண்டர் சொல்வார், வீட்டு ஆம்பளைங்க சொல்வார்கள். அந்தச் சுவருக்குள்ளே அதிக நேரம் இருப்பது நாம். கடனைக் கட்டுவதும் நாம். சண்டை போட வேண்டாம். இரண்டு நிறத்தைச் சுவரில் அடித்துக் காட்டி, கணக்கையும் சொல்லி, "இது எனக்குப் பிடிச்சிருக்கு" என்று சொன்னால் போதும். எங்கள் குழுவின் அந்த அக்கா போன வருஷம் கடனை முடித்துவிட்டு, உரிந்ததையெல்லாம் சுரண்டி, சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்பில் காவி கலந்து அவர்களே மட்டை பிடித்து அடித்தார்கள். இந்த மழைக்கு ஒரு ஏடு உரியவில்லை. வாசலுக்கு மேலே வீட்டுக்காரர் பெயரோடு தன் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னார்கள். எழுதியிருக்கிறது, போய்ப் பாருங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பற்றி எல்லாரும் பேசுங்கள். எல்லார் வீட்டுப் பொங்கலும் நன்றாகப் பொங்கட்டும்.