‘சொந்த ஊர் எது?’ என்று கேட்டால்...

(கரியாலூரில் நடந்த நம் முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘வேலைக்கு விண்ணப்பிப்பதும், நேர்முகத் தேர்வில் வெற்றி பெறுவதும்’ என்று ஒரு தலைப்பைச் செயலாளர் என் கையில் கொடுத்துவிட்டார். இருபது நிமிஷம் என்றார். வெற்றி பெறுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. எதனால் தோற்கிறோம் என்று கொஞ்சம் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தேன். கடைசி ஏழெட்டு வருஷம் தேர்வுக் குழுவில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே பார்த்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

இன்று காலை டிபன் முடிந்ததும் வராந்தாவில் மூன்று மாணவர்களை உட்கார வைத்து ஒரு ஒத்திகை இன்டர்வியூ நடத்தினேன். மூன்று பேருமே இந்த மலைப் பிள்ளைகள். முதலில் வந்த தம்பிக்கு அடுத்த மாதம் வங்கி அதிகாரி வேலைக்கு நிஜமான இன்டர்வியூ இருக்கிறது. எழுத்துத் தேர்வு இரண்டையும் முடித்துவிட்டான். சாதாரண விஷயம் இல்லை. ‘சொந்த ஊர் எது?’ என்று ஆரம்பித்தேன். ‘கள்ளக்குறிச்சி சார்’ என்றான். ‘கள்ளக்குறிச்சியில் எங்கே?’ என்றேன். ‘பக்கத்துல சார்’ என்றான். அவன் வீடு, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் எதிர்ச் சரிவில் தெரிகிறது!

ஒத்திகை முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, ‘ஏம்ப்பா அப்படிச் சொன்னே?’ என்று கேட்டேன். ‘கல்வராயன் மலைன்னு சொன்னா அடுத்த கேள்வி சாராயம்தான் சார்’ என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. மேஜைக்கு அந்தப் பக்கம் என் பக்கத்தில் இருந்த ஒருவரே ஒரு மலைப் பையனிடம் கிட்டத்தட்ட அதே கேள்வியைக் கேட்டார். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு நாங்கள் கேட்ட சுலபமான கேள்விகளுக்குக்கூட அவனால் பதில் சொல்ல முடியவில்லை. மதிப்பெண் போனது சாராயக் கேள்வியில் இல்லை, அதற்குப் பின்னால் வந்த ஆறு கேள்விகளில்.

ஆகவே அந்தக் கேள்வி வரும் என்று வைத்துக்கொண்டே போவோம். என்ன பதில் சொல்வது? மலையில் சாராயம் காய்ச்சுவதே கிடையாது என்று சாதிக்க வேண்டாம். குழுவில் இருப்பவர்களும் பத்திரிகை படிப்பவர்கள்தான். ஆனால் 2024 ஜூனில் 65 பேருக்கு மேல் செத்துப் போனார்களே, அது கள்ளக்குறிச்சி நகரத்துக்குள் இருக்கிற கருணாபுரத்தை மையமாக வைத்து நடந்தது. உயிரைக் குடித்தது மெத்தனால். அது ஆலைகளில் பயன்படுகிற ரசாயனம், மலையில் விளைகிற பொருள் அல்ல. அதற்கு அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து, இந்த மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றி ஒரு வழக்கை எடுத்துக்கொண்டது. சாலை, ரேஷன் கார்டு, ஆதார் என்று அரசிடம் கேள்வி கேட்டது. இவ்வளவையும் நாலு வாக்கியத்தில், குரலை உயர்த்தாமல் சொல்லிப் பாருங்கள். கேட்டவர்தான் அடுத்த கேள்விக்கு யோசிக்க வேண்டியிருக்கும்.

நம் ஊரைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்று கொஞ்சம் பார்ப்போமா? இது கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என்று இரண்டு. கோமுகி ஆறு இங்கேதான் பிறக்கிறது. கச்சிராயபாளையம் பக்கத்தில் அணை கட்டியிருக்கிறார்கள். வரும்போது எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இந்த மலை சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்தது 1947ல். ஜாகீர் ஆட்சி இங்கே முடிவுக்கு வந்தது 1976ல். இருபத்தொன்பது வருஷம் தாமதம்! ‘உங்கள் பகுதி ஏன் பின்தங்கியிருக்கிறது?’ என்று எந்தக் குழுவும் கேட்கும். ‘அரசாங்கம் எதுவும் செய்யலை சார்’ என்கிற பதிலையும் இந்தப் பதிலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை. பழங்குடிப் பட்டியலில் நம் பிள்ளைகளின் இனத்தின் பெயர் ‘மலையாளி’. தமிழ்நாட்டுப் பழங்குடிகளிலேயே எண்ணிக்கையில் பெரியது. 2011 கணக்கெடுப்பில் மூன்றரை லட்சத்துக்கும் மேல். ஆனால் வெளியூர் அதிகாரிகள், ‘ஓ, கேரளாவா? மலையாளம் பேசுவீங்களா?’ என்று கேட்பார்கள். கோபப்படாதீர்கள். ‘மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள் சார், எங்கள் தாய்மொழி தமிழ்தான்’ என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். அந்த ஒரு சிரிப்பில் அறையின் இறுக்கம் போய்விடும். நானே பார்த்திருக்கிறேன்.

சரி, இனி சான்றிதழ் விஷயத்துக்கு வருவோம். இதில்தான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்டர்வியூவில் தோற்கிறவர்களைவிட, இன்டர்வியூவுக்கு முன்னாலேயே காகிதத்தில் தோற்கிறவர்கள் அதிகம்.

காலையில் மூன்றாவதாக வந்த தம்பி எந்த வேலைக்கும் இன்னும் மனுப் போடவில்லை. ஏன் என்றால், ‘சர்டிபிகேட் வரட்டும்னு இருக்கேன் சார்’ என்கிறான். 1989 நவம்பர் 11ம் தேதி முதல் பழங்குடி ஜாதிச் சான்றிதழைத் தாசில்தார் கொடுக்க முடியாது. வருவாய்க் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். அவர் விசாரணை செய்து, திருப்தி அடைந்த பிறகே கையெழுத்துப் போடுவார். போலிச் சான்றிதழ்கள் பெருகியதால், 1994ல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சரிபார்ப்புக்குத் தனிக் குழுக்கள் வேண்டும் என்று சொன்னது. நல்ல நோக்கம்தான். ஆனால் பொய்யனைப் பிடிக்கப் போட்ட வலையில் உண்மையானவனும் மாசக் கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறான். இது என் வருத்தம்.

வருத்தப்பட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. அப்பாவின் சான்றிதழ் இருக்கிறதா? இல்லையென்றால் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, யாருடையதாவது? அவர்களுக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று காட்டுகிற காகிதம்? அப்பாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழில் இனம் எப்படி எழுதியிருக்கிறது? நிலப் பத்திரம் ஏதாவது உண்டா? இவற்றைத் தேட ஆரம்பிக்க வேண்டிய காலம் கல்லூரி முதல் வருஷம். கடைசி வருஷம் இல்லை. அறிவிப்பு வந்த பிறகு நிச்சயமாக இல்லை.

இதில் நம் பகுதிக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. தாத்தாவின் காகிதத்தில் தென்னாற்காடு மாவட்டம் என்று இருக்கும். அப்பாவுடையதில் விழுப்புரம் என்று இருக்கும், ஏனென்றால் 1993 செப்டம்பர் 30ல் அது தனி மாவட்டம் ஆனது. உங்களுடையதில் கள்ளக்குறிச்சி, 2019 நவம்பர் 26 முதல். வீடு ஒரு அடி நகரவில்லை, மாவட்டம் மூன்று! வடக்கே உட்கார்ந்திருக்கும் ஒரு அதிகாரிக்கு இது என்ன தெரியும்? ஊர் மாறிவிட்டார்கள் என்று நினைப்பார். போதாததற்கு, பட்டியலில் ‘மலையாளி’ என்ற பெயருக்கு எதிரே தென்னாற்காடு என்றுதான் அச்சாகியிருக்கிறது, கள்ளக்குறிச்சி என்று இல்லை. இந்த இரண்டு தேதிகளையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முடிந்தால் ஒரு தாளில் எழுதிச் சான்றிதழ்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மாநில அரசு வேலையில் பழங்குடியினருக்கு நூற்றுக்கு ஒரு இடம். மத்திய அரசு, வங்கி, ரயில்வே இவற்றில் அகில இந்தியத் தேர்வுகளுக்கு ஏழரை சதவீதம். நம் பிள்ளைகள் பெரும்பாலும் குரூப் நாலு, போலீஸ் என்று இரண்டையே சுற்றி வருகிறார்கள். அதுவும் வேண்டும், இதற்கும் எழுதுங்கள். கிராமிய அஞ்சல் ஊழியர் வேலைக்குப் பரீட்சையே கிடையாது, பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான்.

எல்லாச் சான்றிதழிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்று இரவே பாருங்கள். ஆதாரில் அப்பா பெயர் விரிவாகவும், மதிப்பெண் பட்டியலில் ஒற்றை எழுத்தாகவும் இருந்தால் இப்போதே சரி செய்யுங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் ஒரு பெரிய நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் காசு கொடுத்து பயோடேட்டா அடித்து, கெஜடட் ஆபீசர் வீட்டு வாசலில் இரண்டு நாள் நின்று சான்றொப்பம் வாங்கி, கடைசித் தேதிக்கு முதல் நாள் தபாலில் சேர்த்தேன். அறிவிப்பில் ‘வந்து சேர வேண்டிய கடைசி நாள்’ என்று போட்டிருந்தது. நான் ‘அனுப்ப வேண்டிய கடைசி நாள்’ என்று படித்திருக்கிறேன்! என்னோடு சேர்ந்து மனுப் போட்டவன் அங்கே சேர்ந்து, என்னைவிட ஐந்து வருஷம் முன்னால் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திவிட்டான். இப்போது தபால் இல்லை, ஆன்லைன். ஆனால் கடைசி நாள் ராத்திரி பத்து மணிக்கு சர்வர் திணறும்போது, கரியாலூரில் செல்போனைத் தூக்கிக்கொண்டு டவர் தேடி மேட்டில் ஏறுகிற தம்பிக்கும் அன்றைய எனக்கும் என்ன வித்தியாசம்? அறிவிப்பு வந்த முதல் வாரத்திலேயே கீழே இறங்கி, இ-சேவை மையத்திலோ கல்லூரியிலோ உட்கார்ந்து முடித்துவிடுங்கள். கட்டணம் கட்டிய ரசீதை அச்செடுத்து வையுங்கள்.

காலையில் இரண்டாவதாக வந்த தங்கை, ஒரு தனியார் கம்பெனி ஸ்டோர்ஸ் வேலைக்கு எழுதிய ரெஸ்யூமைக் காட்டினாள். இரண்டு பக்கம். குறிக்கோள் என்று ஐந்து வரி ஆங்கிலம், எங்கிருந்தோ எடுத்தது. பொழுதுபோக்கு: புத்தகம் படிப்பது, பாட்டுக் கேட்பது. அனுபவம்: இல்லை. ‘கடைசியாக என்ன புத்தகம் படித்தாய் அம்மா?’ என்றேன். பதில் இல்லை. பிறகு டீ குடிக்கும்போது தானாகவே சொன்னாள். கடுக்காய் சீசனில் மூன்று வருஷமாக அவள் தெருவில் எல்லோருடைய மூட்டையையும் இவள்தான் எடை போட்டு, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று நோட்டில் எழுதி வைக்கிறாளாம். ‘ஒரு தடவைகூட சண்டை வந்ததில்லை சார்’ என்றாள்.

ஸ்டோர்ஸ் வேலை என்றால் என்ன? சரக்கு வருவது, போவது, இருப்பு, கணக்கு. அதை மூன்று வருஷம் செய்துவிட்டு ‘அனுபவம் இல்லை’ என்று எழுதியிருக்கிறாள்! ‘மூன்று கடுக்காய் சீசன்களில் இத்தனை குடும்பங்களின் சரக்கை எடை போட்டு, வரவு பாக்கிக் கணக்கு எழுதினேன்’ என்று ஒரு வரி. குடும்பங்களின் எண்ணிக்கையை அவளே எண்ணிச் சரியாகப் போட வேண்டும், கூட்டிப் போடக் கூடாது. அந்த ஒரு வரி வந்தால், அந்த ஐந்து வரி ஆங்கிலத்தை எடுத்துவிடலாம். இன்டர்வியூவிலும் முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும். கடுக்காய் எதற்குப் பயன்படும், தோல் பதனிடவா, மருந்துக்கா, ஈரமாக இருந்தால் எடை எவ்வளவு ஏமாற்றும் என்று இவள் பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு வார்த்தையும், குழுவுக்கு நீங்களே எழுதிக் கொடுக்கிற கேள்வி. சிவில் சர்வீஸ் நேர்முகத் தேர்வில், 275 மதிப்பெண்ணுக்கு, அந்த விரிவான விண்ணப்பப் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார்கள்.

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். துவைத்து இஸ்திரி போட்ட சட்டை போதும், கோட்டு வேண்டாம். முதல் நாளே அந்த ஊருக்குப் போய்த் தங்குங்கள். மலை பஸ்ஸை நம்பி அன்று காலை கிளம்பாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். டி.என்.பி.எஸ்.சி.யிலும் யு.பி.எஸ்.சி.யிலும் தமிழில் பதில் சொல்ல வழி இருக்கிறது, கூச்சப்படாதீர்கள். ‘இவ்வளவு கொடுத்தால் வேலை வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது வந்தால், அவர் நம் சங்கத்து ஆளாகவே இருந்தாலும், வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள். (சிரிப்பு)

வங்கி இன்டர்வியூவுக்குப் போகிற தம்பிக்கு ஒரு வார்த்தை. அந்த நூறில் பொதுப் பிரிவுக்கு நாற்பதும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு முப்பத்தைந்தும் எடுத்தால் தேறலாம். கடைசிக் கணக்கில் எழுத்துக்கு எண்பது பங்கு, நேர்முகத்துக்கு இருபதுதான். உன் எண்பதை நீ ஏற்கெனவே சம்பாதித்துவிட்டாய். மீதியில் முதல் கேள்வி என்னவென்றும் உனக்குத் தெரியும். சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு தடவை உட்காருவோம். இந்த முறை நான் கேட்க மாட்டேன். நம் தலைமையாசிரியர் நண்பர் கேட்பார், அவர் என்னைவிடக் கடுமையானவர்.

முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கள்ளக்குறிச்சியிலேயே குடியிருக்கிறவர்கள் இங்கே பத்துப் பேராவது இருக்கிறீர்கள். கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மலைப் பிள்ளை நாலு தடவை நடக்க வேண்டுமென்றால் நாலு நாள் கூலி போகிறது. பக்கத்துத் தெருவில் இருக்கிற நீங்கள் ஒரு எட்டுப் போய், மனு எந்த மேஜையில் இருக்கிறது என்று கேட்டுச் சொல்லலாம். யார் யார் போகத் தயார் என்று செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.

தம்பி, உன் பெரியப்பாவின் பழைய சான்றிதழ் நகல் வீட்டில் இருக்கிறது என்றாயே, சாயங்காலம் பஸ் கிளம்புவதற்குள் எடுத்துக்கொண்டு வா, பார்ப்போம்.