காமாலையும் பித்தநாளப் புற்றுநோயும்



காமாலை என்றதும் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் கீழாநெல்லியைத் தேடுவார்கள்; வட மாநிலங்களில் மந்திரித்த மாலையைக் கழுத்தில் அணிவிப்பதும் உண்டு. இவை மக்களின் நம்பிக்கையைப் பெற்றதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அசுத்த நீரால் பரவும் வைரஸ் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடுகிறது. அதன் பெருமை, அவ்வேளையில் எந்த மருந்தை உட்கொண்டோமோ அதைச் சேர்கிறது. ஆனால் வேறொரு காமாலை உண்டு. அது தணிவதில்லை, நாளுக்கு நாள் ஏறுகிறது. பித்தம் செல்லும் வழி அடைபடுவதால் வரும் காமாலை அது. அடைப்புக்குக் கற்கள் காரணமாகலாம், புற்றுநோயும் காரணமாகலாம். இரண்டையும் பிரித்தறியாமல் கழியும் வாரங்களே நோயாளிக்குப் பேரிழப்பாகின்றன.

கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அதனின்று வெளிவரும் வலது, இடது நாளங்கள் ஒன்றுகூடி, பித்தப்பையின் நாளத்தையும் சேர்த்துக்கொண்டு, கணையத்தின் தலைப்பகுதி வழியே சிறுகுடலின் தொடக்கத்தில் திறக்கின்றன. இந்த நாளங்களின் உட்சுவரில் தோன்றுவதே பித்தநாளப் புற்றுநோய். வலது, இடது நாளங்கள் கூடுமிடத்தில் அது மிகுதியாகத் தோன்றுகிறது. அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு கிளாட்ஸ்கின் 1965-இல் இவ்வகையை விரிவாக விளக்கியதால், இன்றும் அவர் பெயராலேயே அது வழங்கப்படுகிறது. இவ்விடத்தில் சிறு கட்டிகூட நாளத்தை அடைத்துவிடும். கல்லீரலுக்குள்ளேயே பிறக்கும் கட்டியோ, காமாலையைக் காட்டாமலே நெடுநாள் வளரக்கூடும்.

காரணங்களை ஆராய்ந்தவர்களுக்கு மிகத் தெளிவான சான்றைத் தந்த பகுதி, தாய்லாந்தின் வடகிழக்கு. உலகிலேயே இந்நோய் மிகுதியாகக் காணப்படும் வட்டாரங்களுள் அது ஒன்று. அங்குள்ள மக்கள் கெண்டை இனத்து ஆற்று மீனை எலுமிச்சைச் சாறும் மிளகாயும் சேர்த்துப் பச்சையாக உண்பார்கள். அம்மீனில் கல்லீரல் தட்டைப்புழுவின் இளம் பருவம் தங்கியிருக்கிறது. எலுமிச்சைச் சாறு அதைக் கொல்வதில்லை. மனித உடலுள் புகுந்த புழு பித்தநாளத்தில் பல்லாண்டுகள் வாழ்ந்து, இடைவிடாத அழற்சியை உண்டாக்குகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1994-இல் இப்புழுவை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என உறுதிப்படுத்தியது. பிராசிகுவான்டல் மாத்திரை புழுவைக் கொன்றுவிடும். மறுபடியும் பச்சை மீன் உண்டால் தொற்றும் மறுபடி வரும். புழுவின் முட்டை மனித மலத்தின் வழியே நீரை அடைந்து, நத்தைக்குள் சென்று, பிறகு மீனுக்குள் செல்கிறது. ஆகவே அங்கே கழிப்பறை கட்டுவதும் புற்றுநோய்த் தடுப்புப் பணியே.

மற்றொரு சான்று ஜப்பானின் ஒசாகா நகரிலுள்ள ஓர் அச்சகம். 25 வயது முதல் 45 வயதுக்குள்ளான தொழிலாளர் பலருக்கு இந்நோய் கண்டிருப்பது 2012-இல் வெளிப்பட்டது. முதியோர்க்கு வரும் நோய் இளைஞரை ஏன் தாக்கியது? காற்றோட்டம் போதாத அறையில், அச்சு மையைத் துடைக்க அவர்கள் நாள்முழுதும் பயன்படுத்திய டைகுளோரோபுரொப்பேன் என்னும் கரைப்பானே காரணம் என்று ஆய்வுகள் காட்டின. ஜப்பானிய அரசு 2013-இல் இதைத் தொழில்வழி நோயாக ஏற்றது; மேற்சொன்ன முகமை 2014-இல் அக்கரைப்பானைப் புற்றுநோய் விளைவிப்பவற்றுள் சேர்த்தது. நம் மருத்துவமனைப் பதிவேட்டில் 'தொழில்' என்ற கட்டத்தில் 'கூலி' என்று எழுதிவிட்டு மேலே செல்லும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. எந்த வேலைக்குக் கூலி என்று யார் கேட்கிறார்கள்?

நாளங்களின் பிறவி வீக்கம், கல்லீரலுள் தங்கும் கற்கள், நாளங்கள் தடித்துச் சுருங்கும் நாட்பட்ட அழற்சி, ஹெப்படைடிஸ் பி, சி தொற்றுகள் ஆகியனவும் அபாயத்தைக் கூட்டுகின்றன. எனினும் நோயாளிகள் பலரிடம் காரணம் எதுவும் புலப்படுவதில்லை.

இனி நோயறிதல். கண் மஞ்சளாகிறது, சிறுநீர் கறுத்து, மலம் களிமண் போல் வெளிறுகிறது, உடலெங்கும் தாங்கொணா அரிப்பு, எடை குறைகிறது. வலி இல்லாமலும் இருக்கலாம். அதனாலேயே பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். வைரஸ் காமாலையிலும் சில நாட்கள் மலம் வெளிறுவதுண்டு. ஆனால் இக்குறிகள் வாரக்கணக்கில் நீடித்தால் அடைப்பையே முதலில் ஐயுற வேண்டும். இரத்தத்தில் பிலிருபினும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் உயர்ந்திருக்கும். அடுத்துச் செய்ய வேண்டியது அல்ட்ராசவுண்டு. நாளங்கள் விரிந்திருப்பதை மாவட்ட மருத்துவமனையிலேயே அது காட்டிவிடும். அடைப்பின் இடத்தையும் கட்டியின் பரவலையும் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் விளக்கும்.

மாணவர்கள் இங்கே இரண்டு செய்திகளைக் கருத்திற்கொள்ள வேண்டும். சி.ஏ. 19-9 என்னும் இரத்தச் சோதனை கற்களால் வரும் அடைப்பிலும் உயரும். சிலர் உடலில் அப்பொருள் உண்டாவதே இல்லை. நாளத்திலிருந்து தூரிகையால் எடுத்த அணுக்களில் புற்று தெரியவில்லை என்ற அறிக்கையும் நோயில்லை என்பதற்குச் சான்றாகாது. கட்டியில் நார்த்திசு மிகுதியாதலால் அணுக்கள் எளிதில் கிடைப்பதில்லை.

முழுக் குணத்துக்கு வழி, கட்டியை அறவே அகற்றும் அறுவைச் சிகிச்சையே. அது இயலுமா என்று முடிவு செய்யும் முன்பே, காமாலையைத் தணிப்பதற்காக அவசரமாகக் குழாய் பொருத்தினால், பிறகு எடுக்கும் படங்களில் கட்டியின் எல்லை மங்கிவிடும். சீழ்த் தொற்றுப் போன்ற அவசரம் இல்லையெனில், படம் முதலில், குழாய் பிறகு.