சிற்றில் கற்பிக்கும் பாடம்

(சேவூரில் நடந்த நமது சங்கக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



வீட்டைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் எமக்குக் கட்டளையிட்டனர். சுவரையும் சுண்ணாம்பையும் பற்றி யாம் பேச வரவில்லை. மனத்திலே எழுதப்படும் வீட்டைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

சிறுமியர் தெருமணலில் விரலாற் கோடு கிழித்து வீடு கட்டுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். இதற்குச் சிற்றில் என்று முன்னோர் பெயரிட்டனர். கலித்தொகையிலே, கபிலர் பாடிய குறிஞ்சிக்கலியில், தன் மணற்சிற்றிலைக் காலாற் சிதைத்த சிறுவனைத் தலைவி ஒருத்தி நினைவுகூர்கிறாள். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழி, சிற்றிலை அழிக்கவேண்டாமெனக் கண்ணனிடம் சிறுமியர் முறையிடுவதாகவே அமைந்துள்ளது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றிலுக்கென்றே ஒரு பருவம் உண்டு. கூரையும் கதவும் இல்லாத மணல்வீட்டுக்காக இத்தனை வருத்தம் ஏன்? தான் வாழ விரும்பும் வாழ்வையே அச்சிறுமி அங்கு வரைந்து வைத்திருக்கிறாள் என்பதனாலேயாம்.

நம் முன்னோர் வீடும் அவ்வாறே மனமறிந்து கட்டப்பட்டது. தறிக்குழி தொழிலுக்கு; அடுப்படி தாய்க்கு; திண்ணையோ முதியோருக்கும் வழிப்போக்கருக்கும் உரியது.

இன்று திருப்பூரைச் சுற்றிப் பனியன் தொழில் பெருகிவிட்டது. தென்மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிஸா முதலிய வெளிமாநிலங்களிலிருந்தும் வந்த தொழிலாளர் பலர் லைன் வீடுகளில் குடியிருக்கின்றனர். ஒரே அறை, அதிலேயே சமையல், படுக்கை, பிள்ளையின் படிப்பு யாவும். நமக்கு வீடு கட்டும்போது பத்துமுறை படத்தைத் திருத்தச் சொல்கிறோம்; வாடகைக்குக் கட்டும்போதோ கதவுகளின் எண்ணிக்கையை மாத்திரம் கணக்கிடுகிறோம். இக்குற்றத்துக்கு யாமும் உடந்தை.

எமது லைன் வீடொன்றில் இருந்த சிறுமி ஒருநாள் சிலேட்டில் வீடு வரைந்துகொண்டிருந்தாள். வீடு சிறிது, அதன் முன்னிருந்த திண்ணை பெரிது. அதில் ஒரு கிழவி. "இது யார் அம்மா?" என்றோம். "எங்கள் பாட்டி. ஊரில் இருக்கிறாள். இங்கே அவள் உட்கார இடமில்லையே!" என்றாள். யாம் மறுமொழி கூற இயலாது நின்றோம். வாடகை தவறாது வாங்கிய எமக்கு, அச்சிலேட்டைக் காணும்வரை அக்கிழவி ஒருத்தி இருப்பதே தெரியாது.

அவ்வாண்டே அவ்வரிசை வாசல்கள்தோறும் இருமுழ அகலத் திண்ணையும், அதன்மேல் நிழலும் அமைத்தோம். அவ்வீடுகளின் ஒருமாத வாடகைக்குமேல் செலவாகவில்லை.

ஆகவே குலத்தோரே! இனி வீடு கட்டுவோர் கொத்தனாரை அழைக்குமுன், அதில் வசிக்கப்போகும் பெண்டிரையும் பிள்ளைகளையும் தாம் விரும்பும் வீட்டை வரையச் சொல்லுங்கள். வாடகை வீடாயின், முன்பே குடியிருப்போரைக் கேளுங்கள். கேட்டவை அனைத்தையும் கொடுக்க நம்மால் இயலாது போகலாம். ஒரு திண்ணையாவது கொடுக்கலாம். மணலிற் கட்டிய சிற்றிலையும் மிதியாது விலகிச் செல்வோர்க்கன்றோ, பிறர்க்கு வீடு கட்டும் தகுதி உண்டு!