அடைக்கோழியும் சேவலும்



ரிச்சர்ட்ஸ் டவுன் பெங்களூரின் கன்டோன்மென்ட் பக்கம் இருக்கிறது. இங்கே பெரிய பங்களாக்கள் உண்டு. சுவரோடு சுவர் ஒட்டிய சின்ன வீடுகளும் உண்டு. கொல்லையில் கொஞ்சம் இடம் இருந்தால் நாலு கோழி வளர்க்கலாம். முட்டை விற்ற காசு பெண்கள் கையில் நிற்கும். பிள்ளைக்கு நோட்டு வாங்க உதவும்.

ஆனால் இரண்டு தொல்லைகள் வரும். கோழி அடையில் உட்கார்ந்தால் முட்டை நின்றுவிடும். சேவல் விடியும் முன் கூவினால் பக்கத்து வீட்டாரோடு சண்டை வரும். இந்த இரண்டையும் பற்றித்தான் இன்று பேச்சு.

முதலில் அடைக்கோழி. நாட்டுக்கோழி பத்து, பன்னிரண்டு முட்டை இடும். பிறகு கூடையை விட்டு எழாது. கை வைத்தால் இறகைச் சிலிர்க்கும்; கொத்தும். இது நோய் அல்ல, வீம்பும் அல்ல. குஞ்சு பொரிக்க அதன் உடம்பு தயாராகிவிட்டது. அவ்வளவுதான்.

அடையைக் கெடுக்கச் சிலர் கோழியின் மூக்கில் இறகைக் குத்துவார்கள். சிலர் தண்ணீரில் முக்குவார்கள். அது வாயில்லாத ஜீவன். அப்படி வதைக்க வேண்டாம். வேறு வழி இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுங்கள். அடை 21 நாள். குஞ்சுகளை வளர்க்கச் சுமார் இரண்டு மாதம். ஆக, ஏறக்குறைய மூன்று மாதம் அந்தக் கோழி முட்டை இடாது. நாலு கோழியும் ஒன்றாக உட்கார்ந்தால் காசு எங்கே வரும்? அதனால் ஒரு கோழியை மட்டும் அடை வையுங்கள். மற்றவற்றை எழுப்பிவிடுங்கள்.

எப்படி எழுப்புவது? கம்பி வலைக் கூண்டு ஒன்றைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். உள்ளே வைக்கோல் போடாதீர்கள். கோழியை மூன்று, நான்கு நாள் அதில் விடுங்கள். தீனியும் தண்ணீரும் குறைக்காதீர்கள். அடியில் காற்றுப் பட்டு வயிற்றுச் சூடு தணியும். அடை எண்ணம் போகும். உட்கார்ந்த முதல் நாளே செய்தால் சீக்கிரம் தெளியும். முட்டைகளைத் தினமும் எடுத்துவிடுங்கள். குவிந்து கிடக்கும் முட்டை கோழியை அடைக்கு அழைக்கும்.

அடை வைக்கும் கோழிக்கு இருட்டான, அமைதியான மூலை வேண்டும். பத்து, பன்னிரண்டு முட்டை போதும். ஒரு வாரத்துக்கு மேல் பழைய முட்டை வேண்டாம். இடி இடித்தால் முட்டை கெடும் என்று கூடையில் இரும்பும் கரியும் வைப்பார்கள். வைத்தால் நஷ்டமில்லை. ஆனால் புது முட்டையும் நல்ல தாயும்தான் முக்கியம்.

இங்கேதான் நீங்கள் கற்ற எழுத்து உதவும். முட்டை மேல் பென்சிலால் தேதி எழுதுங்கள். அடை வைத்த நாளைக் காலண்டரில் குறியுங்கள். மார்ச் 1-ஆம் தேதி வைத்தால், 8-ஆம் தேதி இரவு முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிலந்தி போல ரத்த நரம்பு தெரிந்தால் குஞ்சு வளர்கிறது. ஒன்றும் தெரியாவிட்டால் கூமுட்டை, எடுத்துவிடுங்கள். 22-ஆம் தேதி வாக்கில் குஞ்சு வெளியே வரும்.

நம் ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் கிரிராஜா என்ற கோழியை உருவாக்கினார்கள். அது நாட்டுக்கோழியைவிட அதிக முட்டை இடும். ஆனால் அடைக்கு உட்காருவது அரிது. அதன் முட்டையையும் நாட்டுக்கோழியின் அடியில்தான் வைக்க வேண்டும். எனவே அடைக்கோழியைத் தொல்லை என்று தள்ளாதீர்கள். கரண்ட் இல்லாமல் குஞ்சு பொரிக்கும் இயந்திரம் அது.

இனி சேவல். சேவல் இல்லாமல் முட்டை வருமா? வரும். குஞ்சுதான் வராது. எட்டு, பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். சின்னக் கொல்லையில் இரண்டு சேவல் இருந்தால் ரத்தம் வரச் சண்டை போடும்.

சேவல் ஏன் கூவுகிறது? ஜப்பான் நாட்டு அறிஞர்கள் இதை ஆராய்ந்தார்கள். சேவலின் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருப்பதை 2013-இல் சொன்னார்கள். வெளிச்சம் வரும் முன்பே அது நேரம் அறியும். கூட்டத்தில் தலைமைச் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை அதன் பின் கூவும் என்று 2015-இல் கண்டார்கள். ஆகவே கூண்டைச் சாக்குப் போட்டு மூடினாலும் கூவல் அடியோடு நிற்காது.

சேவலிடம் நல்ல குணமும் உண்டு. பருந்து வந்தால் கத்தி எச்சரிக்கும். இரை கண்டால் பெட்டைகளைக் கூப்பிடும். ஆனால் சில சேவல் மனிதரையும் எதிரி என்று பாயும். அடித்தால், சண்டைக்கு வருகிறார்கள் என்றே நினைக்கும். வெறி கூடும். குழந்தைகள் அதைச் சீண்ட விடாதீர்கள். அவர்கள் விளையாடும் நேரம் அடைத்து வையுங்கள். கால் முள் குழந்தையின் கண்ணில் பட்டால் என்ன ஆகும்? போன கண் திரும்பாது. திரும்பத் திரும்பப் பாயும் சேவலை வைத்திருக்காதீர்கள். அதன் குஞ்சும் வேண்டாம்.

நெருக்கமான தெருவில் சேவலே இல்லாமலும் கோழி வளர்க்கலாம். அடைக்கோழி தயாரானதும், சேவல் உள்ள வீட்டில் பத்து முட்டை வாங்கி வையுங்கள். குஞ்சும் கிடைக்கும். பக்கத்து வீட்டாரின் தூக்கமும் கெடாது. அந்தக் குஞ்சுகளில் சில சேவலாக வளரும். அவை கூவத் தொடங்கும் முன் விற்றுவிடுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் கூடையைப் பாருங்கள். எந்தக் கோழி உட்கார்ந்திருக்கிறது? என்றிலிருந்து? தேதியை எழுதி வையுங்கள்.